இருபத்துப் பத்து

என் பேத்திக்கு ஐந்தரை வயது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் எங்கள் பிளாட்டுக்குப் பள்ளி விடுமுறையில் வந்திருந்தபோது, அவள் மாமாவுக்கு எண்ணிக் காட்டினாள். ஒன்றில் தொடங்கி மூச்சு விடாமல் ஓடினாள். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று வந்தவள் ஒரு கணம் நின்று, "இருபத்துப் பத்து" என்றாள். அப்புறம் "இருபத்துப் பதினொண்ணு." மாமா சிரித்துவிட்டார். பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலர் பள்ளியில் வேலை பார்த்த காலமெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன், கேட்ட ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சிதான். "இருபத்துப் பத்து" என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவளாகவே கட்டிய சொல் அது. இருபதுக்குப் பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டிக்கொண்டே போகலாம் என்பது பிடிபட்டுவிட்டது. ஒன்பதுக்கு அடுத்தது பத்து என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். கணக்குப்படியும் தப்பில்லை, இருபதும் பத்தும் முப்பதுதானே. அவளுக்கு இன்னும் வராதது ஒன்றே ஒன்று: உதிரிகள் பத்து சேர்ந்ததும் ஒரு கட்டாக மாறி, ஏற்கெனவே இருக்கிற கட்டுகளோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். பத்து, ஒன்று என்று எண்ணக் கற்பதெல்லாம் இதைக் கற்பதுதான். இதை வீட்டிலேயே எப்படிச் சொல்லித் தரலாம் என்று எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. ஐம்பது வரை கடகடவென்று சொல்லும் பிள்ளையிடம் பன்னிரண்டு புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு கொட்டையை இரண்டு தடவை தொடும், இன்னொன்றைத் தாண்டிப் போய்விடும். எண்ணி முடித்த பிறகு "எத்தனை இருக்கு?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். ரோஷல் ஜெல்மன், சி. ஆர். காலிஸ்டல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல், எண்ணுவதற்குள் ஐந்து விதிகள் இருப்பதாக எழுதினார்கள். நமக்கு இங்கே வேண்டியவை மூன்று. ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். சொற்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம். இந்த மூன்றும் ஓரளவு கைக்கு வந்த பிறகே பத்தைப் பற்றிப் பேச வேண்டும். வரவில்லையா, இன்னும் ஒரு மாதம் சாப்பாட்டு மேசையில் தட்டு எண்ணட்டும், வாசலில் செருப்பு எண்ணட்டும்.

சரி, பத்தை எங்கே தொடங்குவது? நான் முட்டைப் பெட்டியில் தொடங்குவேன்.

நம் மலேசியக் கடைகளில் முட்டை பத்துப் பத்தாக வருகிறது. பத்து முட்டைப் பெட்டி, இல்லாவிட்டால் முப்பது முட்டைத் தட்டு. அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மேல் வரிசையில் ஐந்து குழி, கீழ் வரிசையில் ஐந்து குழி. பாலர் பள்ளிகளில் தாளில் பத்துக் கட்டம் வரைந்து சொல்லிக்கொடுக்கிறோமே, அது அப்படியே இதுதான். காலிப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். பச்சை முட்டை இருந்த இடம் என்பதால் பிளாஸ்டிக் பெட்டியாகப் பார்த்து எடுத்து, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் போட கோலி, சாகா விதை, பெரிய பொத்தான் எதுவும் ஆகும். வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தால் இவை வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். காகிதத்தைக் கசக்கி உருட்டிக்கொண்டால் போதும்.

மாமா சிரித்த அன்று மாலையே பேத்தியைச் சமையலறை மேசையில் உட்காரவைத்துப் பெட்டியைக் கொடுத்தேன். மேல் வரிசை நிறைந்த பிறகே கீழே போடலாம், இடப்பக்கத்திலிருந்து போட வேண்டும். இந்த இரண்டும்தான் விதி. ஏழு கோலி போட்டாள். நான் மூடியைச் சாத்திவிட்டு, ஒரு நொடி திறந்து காட்டி மறுபடியும் சாத்தினேன்.

"எத்தனை பார்த்தே?"

"ஏழு."

"எண்ணவே இல்லையே, எப்படித் தெரிஞ்சது?"

"மேலே முழுசா இருக்கு பாட்டி. கீழே ரெண்டு."

"காலி எத்தனை?"

கண்ணை மூடி யோசித்தாள். "மூணு."

இந்த ஒரு நிமிடத்தில் எவ்வளவு நடந்துவிட்டது என்று பாருங்கள். ஐந்து என்பதை ஒரு முழு வரிசையாக, எண்ணாமலேயே பார்க்கிறாள். ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் மூன்று இருக்கிறது என்பது அவளுக்குக் காலிக் குழியாகக் கண்ணில் தெரிகிறது. எட்டுக்கு இரண்டு, ஆறுக்கு நான்கு என்று பத்தை நிரப்பும் ஜோடிகளை மனப்பாடம் செய்யாமலே அறிந்துகொள்கிறாள். பிற்பாடு கூட்டல், கழித்தல் முழுக்க இந்த ஜோடிகள்மேல்தான் நிற்கப்போகிறது.

இரண்டு நாள் கழித்து இரண்டாவது பெட்டியை எடுத்தோம். ஒன்றில் எட்டு, மற்றதில் ஐந்து. "முதல் பெட்டியை நிரப்பிடு" என்றேன். ஐந்திலிருந்து இரண்டை எடுத்துப் போட்டாள். ஒரு பெட்டி நிறைந்தது, மற்றதில் மூன்று மிச்சம். "எத்தனை ஆச்சு?" என்றேன். "பத்து... மூணு." சற்று நிறுத்தி, "பதிமூணு!" என்று கத்தினாள். பதின்மூன்று என்ற சொல்லுக்குள் பத்தும் மூன்றும் இருப்பது அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது.

பெட்டி பத்தைக் காட்டும், ஆனால் கட்டிக் காட்டாது. அதற்குக் குச்சி வேண்டும். கடையில் கைவேலைக்கு விற்கும் ஐஸ்கிரீம் குச்சி ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். நுனி கூராக இல்லாத எந்தக் குச்சியும் சரி. கூடவே ரப்பர் பேண்டு. ஒரு பிடி குச்சியை மேசையில் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். பத்து வந்ததும் அவளே ரப்பர் போட்டுக் கட்ட வேண்டும். நாம் கட்டிக் கொடுக்கக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரி. பிஞ்சு விரலுக்கு ரப்பர் போடுவது கஷ்டம், தெறித்துப் போகும், நேரமாகும். ஆனாலும் அவள் கைதான் கட்ட வேண்டும். ஏனென்றால் ஒரு கட்டு என்பது ஒரே சமயத்தில் ஒன்றும்தான், பத்தும்தான். பெரியவர்களுக்கு இது பழகிப்போய்விட்டது. பிள்ளைக்கு இது பெரிய விஷயம். உள்ளே பத்து இருக்கிறது என்ற நம்பிக்கை தானே எண்ணித் தானே கட்டியதால்தான் வரும். கடையில் கிடைக்கும் பத்து நீளமுள்ள பிளாஸ்டிக் கட்டையையோ மாண்டிசோரி வகுப்பில் இருக்கும் பத்து மணிக் கோவையையோ குறை சொல்லவில்லை. அவை நல்ல பொருள்கள். ஆனால் பிரிக்க முடியாது. கட்டுவதும் பிரிப்பதும் பழகிய பிறகு அவற்றைக் கொடுக்கலாம்.

கட்ட முடியாத மிச்சம் உதிரியாகவே கிடக்கட்டும். மூன்று கட்டு, நான்கு உதிரி. "பத்து, இருபது, முப்பது" என்று கட்டுகளைத் தொட்டு, "முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு, முப்பத்துமூணு, முப்பத்துநாலு" என்று உதிரிகளைத் தொட வேண்டும். கட்டிலிருந்து உதிரிக்குத் தாவும் இடம்தான் சிக்கல். நிறையப் பிள்ளைகள் பத்து, இருபது, முப்பது என்று வந்த வேகத்தில் முதல் உதிரியைத் தொட்டு "நாற்பது" என்றுவிடும். அதட்ட வேண்டாம். அந்த உதிரியைக் கையில் எடுத்து, ஒரு கட்டின் பக்கத்தில் பிடித்து, "இது கட்டா, ஒத்தையா?" என்று கேட்டால் போதும்.

பிள்ளைக்குப் புரிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? நான் செய்யும் சோதனை இது. இருபத்து மூன்று குச்சியை எண்ணிக் கட்டச் சொல்வேன். இரண்டு கட்டு, மூன்று உதிரி. கட்டி முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேட்பேன். சில பிள்ளைகள் ரப்பரை அவிழ்த்து ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். சில பிள்ளைகள் "அஞ்சு" என்று சொல்லும். முதல் பிள்ளைக்குக் கட்டின்மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. இரண்டாவது பிள்ளைக்குக் கட்டும் உதிரியும் ஒன்றுபோலத் தெரிகிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் தேவை இன்னும் நிறையக் கட்டுவதும் பிரிப்பதும்தான். பிரிப்பதை மறந்துவிடாதீர்கள். "முப்பது குச்சி வச்சிருக்கே, எனக்கு நாலு வேணும்" என்று கையை நீட்டுங்கள். உதிரி இல்லையே என்று திகைக்கும். பிறகு ஒரு கட்டை அவிழ்க்கும். ஒன்றாம் ஆண்டில், இரண்டாம் ஆண்டில் 'கடன் வாங்கிக் கழி' என்று சொல்லும்போது விழிக்காமல் இருப்பது, முன்பே அவிழ்த்துப் பார்த்த பிள்ளைதான்.

இனி மொழி. பினாங்கில் வளரும் நம் பிள்ளைகள் விஷயத்தில் இதைச் சொல்லாமல் போக முடியாது. வீட்டில் தமிழ், டிவியில் ஆங்கிலம், கடையில் மலாய், பக்கத்து வீட்டில் ஹொக்கியன் சீனம். நான்கிலும் எண் வேறு மாதிரி நடக்கிறது.

14ஐ எடுத்துக்கொள்வோம். தமிழில் பதினான்கு: பத்து முதலில், நான்கு பிறகு. எழுதும்போதும் 1 முதலில், 4 பிறகு. ஹொக்கியனில் 'சாப் சீ', பத்து நாலு, அதே வரிசை. நாற்பது அவர்களுக்குச் 'சீ சாப்', நாலு பத்து. மலாயில் 'அம்பாட் பெலாஸ்'. நான்கு முன்னால் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'ஃபோர்ட்டீன்', அங்கேயும் நான்குதான் முன்னால். அதோடு 'ஃபோர்ட்டி' என்ற நாற்பதுக்கும் அதற்கும் காதில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. ஆக மலாயிலோ ஆங்கிலத்திலோ எண்ணக் கற்ற பிள்ளை காதில் விழுந்த வரிசையில் முதலில் 4ஐ எழுதி, அப்புறம் 1ஐ எழுதினால், 41 வந்து நிற்கிறது. இதைக் கவனக்குறைவு என்று திட்டக் கூடாது. இருபதைத் தாண்டிவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை, டுவா புலு அம்பாட், ட்வென்டி ஃபோர், இருபத்து நான்கு, எல்லாவற்றிலும் பத்துதான் முன்னால். முடிச்சு பதினொன்றுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் மட்டும்தான். அங்கே தமிழைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எந்த மொழியில் கணிதம் படித்தாலும், வீட்டில் "பதினாலு, பத்தும் நாலும்" என்று ஒரு தடவை சேர்த்துச் சொன்னால் பிள்ளைக்கு வழி தெரியும்.

மொழி இவ்வளவு வேலை செய்யுமா என்று சிலர் கேட்பார்கள். 1980களின் பிற்பகுதியில் ஐரீன் மியூராவும் அவருடன் சேர்ந்தவர்களும் சீன, ஜப்பானிய, கொரிய, அமெரிக்க முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒற்றைக் கட்டைகளையும் பத்துக் கட்டைகளையும் கொடுத்து, 42 போன்ற எண்களைக் காட்டச் சொன்னார்கள். ஆசியப் பிள்ளைகள் பெரும்பாலும் நான்கு பத்துக் கட்டை, இரண்டு ஒற்றைக் கட்டை என்று வைத்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு ஒற்றைக் கட்டைகளை எண்ணி வைக்கப் போனார்கள். 'பத்து நாலு', 'நாலு பத்து இரண்டு' என்று வெளிப்படையாகச் சொல்லும் மொழி பிள்ளைக்குக் கைகொடுக்கிறது என்பது அவர்கள் கருத்து. மொழி ஒன்றே காரணமா, வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கும் முறை காரணமா என்று இன்றும் விவாதம் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம்.

தமிழிலும் இரண்டு மூன்று இடங்களில் கால் இடறும். இருபது, முப்பது, நாற்பது, எல்லாவற்றிலும் வால் 'பது', அதாவது பத்து. ஆனால் ஒன்பதிலும் அதே வால் இருக்கிறது, பத்துதான் இல்லை. தொண்ணூறு இன்னும் மோசம். எண்பதுக்கு அடுத்து 'பது' வரும் என்று காத்திருக்கும் பிள்ளைக்குத் திடீரென்று 'நூறு' கேட்கிறது. தொண்ணூற்று ஒன்று என்பதும் நூற்று ஒன்று என்பதும் சின்னக் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்பதுக்குத் 'தொண்டு' என்று ஒரு பழைய பெயர் உண்டு, சங்கப் பாடலிலேயே வருகிறது. அந்த வாடைதான் தொண்ணூற்றில் இருக்கிறது. பிள்ளைக்கு இந்த இலக்கணம் தேவையில்லை. ஒன்பது குச்சிக் கட்டுகளை வரிசையாக அடுக்கி, "இதுக்குப் பேரு தொண்ணூறு. நூறு இன்னும் வரலை, இன்னும் ஒரு கட்டு வேணும்" என்று காட்டினால் போதும்.

அடுத்து எழுதுவது. இருபத்தைந்து எழுதச் சொன்னால் 205 என்று எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்! இருபது என்று கேட்டது, 20 எழுதியது. ஐந்து என்று கேட்டது, 5 எழுதியது. எனக்கு இதைப் பார்க்கும்போது பழைய தமிழ் எண்கள் நினைவுக்கு வரும். தமிழில் பத்துக்கென்று தனிக் குறி இருந்தது: ௰. இருபத்தைந்தை ௨௰௫ என்று எழுதினார்கள், இரண்டு, பத்து, ஐந்து. வாய் சொல்வதையே கை எழுதியது. இன்றைய முறையில் அந்தப் பத்துக் குறியை எடுத்துவிட்டோம். அதன் வேலையை இடம் செய்கிறது. வலப்பக்கம் உதிரி, அதற்கு இடப்பக்கம் கட்டு. இதைத்தான் பள்ளியில் இடமதிப்பு என்கிறார்கள், மலாய்ப் புத்தகத்தில் 'சா' (ஒன்று), 'புலு' (பத்து) என்று இருக்கும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அட்டையை நீளமாக வெட்டி அதில் 20 என்று எழுதுங்கள். பாதி நீளமுள்ள அட்டையில் 5 எழுதுங்கள். நீள அட்டையின் பூஜ்யத்தின்மேல் சின்ன அட்டையை வையுங்கள். 25 ஆகிவிடும். தூக்கினால் கீழே பூஜ்யம் இருக்கும். "சைபர் எங்கே போச்சு?" "உள்ளே ஒளிஞ்சிருக்கு." இருபது எங்கும் போகவில்லை, உதிரிக்கு இடம் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். உதிரியே இல்லாதபோது அந்த இடம் காலி என்று சொல்லப் பூஜ்யம் நிற்கிறது. பக்கத்தில் கட்டும் குச்சியும் எப்போதும் இருக்கட்டும், எண்ணை மாற்றும்போதெல்லாம் குச்சியையும் மாற்ற வேண்டும்.

காசை வைத்துச் சொல்லித் தரலாமா என்று தாய்மார்கள் கேட்பார்கள். சில்லறையில் தொடங்காதீர்கள். பத்து சென் காசு ஒரே காசு, பார்த்தால் பத்து தெரியாது. ஐந்து சென்னைவிடப் பெரியது, அவ்வளவுதான் கண்ணில் படும். ஒரு சென் காசோ 2008 ஏப்ரலில் மொத்தத்தை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கத் தொடங்கியதிலிருந்து கடையில் காண்பதே அரிது. பிறகு பத்து ஒன்றுகளை எதை வைத்துக் காட்டுவது? நோட்டு பரவாயில்லை. பத்து நீல ஒரு வெள்ளி நோட்டைக் கொடுத்து ஒரு சிவப்புப் பத்து வெள்ளி நோட்டை வாங்கும் விளையாட்டைக் குச்சிக் கட்டு நன்றாகப் பழகிய பிறகு ஆடலாம். இங்கே பத்தும் கட்டப்படவில்லை, மாற்றிக்கொள்ளப்பட்டன. அது அடுத்த படி.

படி என்றதும் ஞாபகம் வருகிறது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும்போது பத்துப் படிக்கு ஒரு கச்சான் கடலை என்று இடக்கைப் பையிலிருந்து வலக்கைப் பைக்கு மாற்றிக்கொண்டே ஏறச் சொல்லுங்கள். மொத்தம் 513 படி. எல்லாவற்றையும் எண்ண வேண்டாம். முதல் மண்டபத்தில் உட்கார்ந்து கச்சானை எண்ணிப் பார்த்துவிட்டுத் தின்றால் போதும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் இதில் எதையும் செய்யாதீர்கள். பிள்ளை எழுந்து போனால் விட்டுவிடுங்கள். ஒன்றாம் ஆண்டுக் கணிதம் நூறு வரைக்கும்தான், அதற்குள் ஓட வேண்டிய தேவை ஒன்றும் இல்லை.

விடுமுறை முடிய மூன்று நாள் இருந்தபோது பேத்தி வீட்டில் இருந்த குச்சி அத்தனையையும் தரையில் கொட்டிக் கட்டத் தொடங்கினாள். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர் எடுத்துக் கொடுத்தார். ஒன்பது கட்டு, ஒன்பது உதிரி வரை வந்தது. பொட்டலத்தில் இன்னும் ஒரு குச்சி இருந்தது. அதை எடுத்து, "தொண்ணூத்துப்..." என்று தொடங்கியவள் வாயை மூடிக்கொண்டாள். உதிரிகளோடு அதைச் சேர்த்துக் கட்டினாள். பத்துக் கட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பாட்டி, இதுக்குப் பெரிய ரப்பர் வேணும்."

கங்கோங் கீரைக் கட்டில் வந்த ரப்பர் இரண்டைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.